வராத ஒன்பது பேர்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரியை இன்றுதான் பிரிக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் அடியில் கால்சியம் மாத்திரை விளம்பரம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆராய்ச்சியில் இறங்குகிறவர்கள் தினமும் நாலு வரியாவது எழுதிவைக்க வேண்டும் என்று போன வருஷம் சென்னைப் பயிலரங்கில் படித்துப் படித்துச் சொன்னார்கள். தினமும் என்னால் முடியாது. முடிகிற அன்று எழுதுவேன்.

இப்போது தொடங்கக் காரணம் இருக்கிறது. அறக்கட்டளையின் அறிவிப்பு வந்துவிட்டது. இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கான நிதி, எலும்பியலுக்கு இந்த ஆண்டு ஒரே ஓர் இடம். கடைசி நாள் ஏப்ரல் 30. அன்றைக்கு நாற்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. எனக்கு ஜூன் 9-இல் நிறைகிறது. நாற்பது நாள் வித்தியாசத்தில் நான் இன்னும் இளம் ஆராய்ச்சியாளர். அடுத்த வருஷம் வெறும் டாக்டர்.

கிடைத்தால் மூன்று வருஷத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் எனக்கு ஓ.பி. கிடையாது. அந்த நாட்களில் வெளிநோயாளி வரிசையில் நிற்கும் நூற்றிருபது பேரைப் பார்க்க வேறு டாக்டரை அறக்கட்டளையே போடும். ஆய்வுக்கென்று தனியாக ஒரு நர்ஸ். என் கம்பிச் சட்டத்தை எட்டு அரசு மருத்துவமனைகளில் இருநூறு கால்களுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கம்பிச் சட்டம் என்னவென்று பிற்காலத்தில் நானே மறந்துபோகலாம், எழுதிவைக்கிறேன். இந்தத் துறைமுக ஊரில் லாரிக்குப் பஞ்சமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய வருகிறார்கள். தோலுக்கு வெளியே நிற்கும் சட்டத்திலிருந்து கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி நேராக நிறுத்த வேண்டும். டெண்டர் விட்டு அந்தச் சட்டம் வருவதற்குள் கால் கெட்டுவிடும். அதனால் நானே வரைந்து, இங்கே ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தேன். நோயாளி வந்த அன்றே மாட்டிவிடலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு முப்பத்திரண்டு பேருக்குப் போட்டு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அந்த முப்பத்திரண்டு பேர்தான் என் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

மார்ச் 6, வியாழன்

விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். பதினான்காவது விதி: ஆய்வில் சேர்த்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடர்பு விட்டுப்போயிருந்தால் விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுக்கப்படாது.

என்னிடம் ஒரு வருஷப் பரிசோதனைக்கு வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் இருபத்திரண்டு பேருக்கு எலும்பு கூடிவிட்டது. வராதவர்கள் ஒன்பது பேர். ஆறு வரைக்கும் மன்னிப்பு உண்டு. ஆக, மூன்று பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கருப்பட்டி, வாழைத்தார், ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். "டாக்டரம்மா, நடந்து காட்டுதேன் பாருங்க" என்று வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது பார்க்க.

வராதவர்களை என்ன சொல்வது? பத்துத் தரம் சொல்லி, கம்பியை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்து, வைதும் அனுப்பினேன். நான் வைவேன். வார்டில் என் பெயரே 'வையுத டாக்டரம்மா'தான். ஜெனிட்டா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. எலும்பியலில் பெண் டாக்டர் என்றால் சிரித்துக்கொண்டே சொன்னால் எவரும் கேட்பதில்லை.

துறைத் தலைவர் வேலாயுதப்பெருமாள் சாரிடம் ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன். அவர் கவலைப்படவில்லை.

"வராதவன் நல்லாயிருக்கான்னு அர்த்தம்மா. கால் வலிச்சா நம்மள விட்டு எங்க போவான்? முப்பது வருசமா பாக்கேன். சொகமாயிட்டுன்னா ஒரு பயலும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எலும்பு டாக்டர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது கேஸ் ஷீட்டுகளையும் ஞானசௌந்தரி சிஸ்டர் எடுத்து வைத்திருந்தார். வார்டின் பொறுப்பு நர்ஸ். ஆய்வுக்கு நர்ஸ் தருவார்களோ இல்லையோ, இத்தனை நாள் அந்த வேலையை இவர்தான் சம்பளமில்லாமல் செய்கிறார்.

எண்களில் பாதி நோயாளியுடையதே அல்ல. அடிபட்டவனை யார் தூக்கி வந்தார்களோ அவர்கள் எண்ணைத்தான் சேர்க்கையில் எழுதுகிறார்கள். முதல் எண்ணில் ஒரு மீன் வண்டிக்காரர் எடுத்தார். "ரோட்டுல கெடந்தாம்னு ஏத்திட்டு வந்தேன். அவன் யாரு எவருன்னு எனக்குத் தெரியாதும்மா. நல்லாயிருக்கானா?" என்று அவர் என்னிடம் கேட்கிறார்.

நாலாம் எண் நோயாளி, லாரி கிளீனராக இருந்த பையன், குஜராத்தில் இருக்கிறான். வீடியோவில் காலைக் காட்டச் சொன்னேன். குதித்தே காட்டினான். ஒன்று.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் மோட்டார் ரிப்பேர். கணவர் செல்வினுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட். மெக்கானிக்கைப் பிடித்து, மகள் ரூத்தைப் பள்ளியில் விட்டு, ஓ.பி.க்குப் போனபோது மணி பத்தேகால். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

பதினோராம் எண், ஆசிரியை ஒருவரின் மாமியார், மகள் வீட்டில் மதுரையில் இருக்கிறார். அங்கே எடுத்த எக்ஸ்ரேயை அனுப்பினார்கள். கூடியிருக்கிறது. இருபத்தேழாம் எண், ஆடு வளர்ப்பவர். செவ்வாய்ச் சந்தையில் ஆளைப் பிடித்து, ஆட்டையும் அவரையும் சேர்த்தே ஆட்டோவில் ஏற்றி எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தேன். ஆடு வெளியே நின்று கத்தியது. கூடியிருக்கிறது.

மூன்று பேர் கிடைத்தாயிற்று. மூன்று பேருமே சொன்னதைக் கேட்கிற நல்ல நோயாளிகள். ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும், அதனால்தான் அவர்களை முதலில் தேடினேன்.

மார்ச் 21, வெள்ளி

முடிவுகள் உள்ள பக்கங்களில் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேருக்கு வெற்றி. "நூத்துக்குத் தொண்ணூத்தாறு. எவன் இத வேண்டாம்பான்?" என்றார். கேண்டீனிலிருந்து பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். அவரிடமிருந்து பஜ்ஜி வருவது பெரிய மரியாதை.

சிஸ்டர் மட்டும் கேட்டார்: "பத்தொம்பதாம் நம்பர் கெடச்சாரா டாக்டர்? மிக்கேல். உப்பளத்துக்காரர்."

சுவிட்ச் ஆஃப் என்றேன்.

மார்ச் 27, வியாழன்

விண்ணப்பம் கடகடவென்று ஓடுகிறது. எட்டு மருத்துவமனைகளின் பட்டியலைப் போட்டேன். அதில் மூன்று கடலோரத்தில் இருக்கின்றன.

மேலே, மிக்கேலின் எண் சுவிட்ச் ஆஃப் என்று சிஸ்டரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறேன். சொன்னேன் என்றுதானே எழுதியிருக்கிறேன். அதில் பிழை இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மற்ற கேஸ் ஷீட்டுகளையெல்லாம் பதிவறைக்கு அனுப்பிவிட்டார் சிஸ்டர். பத்தொன்பதை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து நாளாக அங்கேயே இருக்கிறது. அதன்மேல் டீ கிளாஸை வைக்கிறேன்.

மிக்கேல், வயது 41, பாத்திக்காடு. உப்பு லாரி பின்னால் எடுக்கும்போது சக்கரம் ஏறியது. போன வருஷம் ஜனவரி 16 அன்று சட்டம் போட்டேன். இரண்டு முறை வந்திருக்கிறார், இரண்டு முறையும் 'நன்று' என்று நான்தான் எழுதியிருக்கிறேன். பிறகு ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். ஃபோனில் பேசுவதை யார் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள்?

ஏப்ரல் 4, வெள்ளி

அறுவை சிகிச்சை நாள். ஏழு கேஸ். முதுகு ஒடிகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று முதன்முறையாக அந்த எண்ணை அழைத்தேன். சுவிட்ச் ஆஃப் இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் எண் அது. பாத்திக்காட்டு மிக்கேல் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"மிக்கேலா? அவனுக்குத்தான் கால எடுத்தாச்சே. வருசம் ஒண்ணாச்சு. நீங்க யாரு பேசுதிய?"

வைத்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். போன வருஷம் பிப்ரவரி 22, வியாழக்கிழமை. சென்னையில் பயிலரங்கு. நிதி விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஃபோன் வந்தது. யாருடைய ஃபோனிலிருந்தோ மிக்கேல் பேசினார். கம்பி ஆடுகிறது, அந்த இடத்தில் சீழ் வருகிறது என்றார். நான் வெளியே வராந்தாவில் நின்று, "உப்பளத்துக்குப் போனீங்களா? போகக் கூடாதுன்னு எத்தனை தரம் சொன்னேன்?" என்று வைதேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை. மருந்து போட்டுக் கட்டுங்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். உள்ளே ஒரு பேராசிரியர் ஒவ்வொரு விண்ணப்பமாகப் படித்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது என்னுடையது.

திங்கட்கிழமை மிக்கேல் வரவில்லை. உடம்பு சரியாகிவிட்டது, அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

சிஸ்டரிடம் சொன்னேன். "தெரியும் டாக்டர்," என்றார். எது தெரியும் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பாத்திக்காட்டுக்குப் போகிறேன் என்றேன். "ஸ்கூட்டர்ல போவாதீய, ரோடு மோசம். பஸ்ஸே உண்டு," என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

இரண்டரை மணி பஸ். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை. குடியிருப்பின் முனையில் ஒரு அடிபம்பு. தாகமாக இருந்தது என்று ஒரு வாய் குடித்தேன். குடிக்க முடியாத உப்பு. பக்கத்தில் குடத்தோடு நின்றவர் சிரித்தார். "குடிக்கதுக்கு வண்டித் தண்ணிதாம்மா. இது குளிக்க, கழுவ." ஒரு டாக்டருக்கு இது தெரிய முப்பத்தொன்பது வயது தாண்ட வேண்டியிருக்கிறது.

மிக்கேல் கட்டிலில் உட்கார்ந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் செய்த காரியம், பக்கத்திலிருந்த போர்வையை இழுத்து இடது முழங்காலை மூடியதுதான். மூட வேண்டிய அளவுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"வாங்கம்மா" என்றார். பிறகு, நான் உட்காருவதற்குள், "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"எதுக்கு?"

"அவ்வளவு பாடுபட்டு நீங்க வச்ச கால, நான் காப்பாத்தாம விட்டுட்டேன்லா."

வாயில் வந்தது பழக்கம்தான். "உப்பளத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மறுபடியும் அதே கேள்வி.

"மாதா சத்தியமா போவலம்மா. இந்த வாசலத் தாண்டல. ஆனா நீங்க ஃபோன்ல கேட்டியல்லா? டாக்டர் கேட்டா காரணம் இல்லாம இருக்காது. அப்புறம் யோசிச்சிப் பாத்தேன். நம்ம அடிபம்புத் தண்ணியே உப்புத்தான. அதக் கொதிக்க வச்சி ஆறவச்சித்தான் வீட்டுக்காரி கம்பியத் தொடச்சா. பத்து நாள்ல திருகெல்லாம் செவந்துபோச்சி. அப்புறம் ஆட ஆரம்பிச்சிட்டு. தப்பு எங்க பேர்லதாம்மா."

தாளில் நான் அச்சடித்துக் கொடுத்தது அதுதான்: 'கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் நாள்தோறும் துடைக்கவும்.' எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் என் தாள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறார்கள். நல்ல நோயாளிகள்.

"திங்கக்கெழம வாங்கன்னிய. ஞாயித்துக்கெழமையே நடுக்கிக் காய்ச்சல் கண்டுபோச்சி. கணக்குப்பிள்ளைக்குத் தெரிஞ்ச வேற ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிட்டாவ. உசிரு வேணும்னா கால எடுக்கணும்னுட்டாவ."

"அதுக்கப்புறமாவது ஏன் வரல?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர? அவனவன் வாழத்தாரத் தூக்கிட்டு வந்து நடந்து காட்டுவான். நான் எதக் காட்ட? சிஸ்டர் ஒரு தடவ கோயில் திருவிழாவுல தூரத்துல நின்னாவ. நான் பந்தலுக்குப் பின்னால போயிட்டேன்." கூடவே சொன்னார்: "வைவியன்னு பயமும் உண்டும்மா."

அவர் மனைவி கித்தேரி இதற்குள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வந்து நின்றிருந்தார்.

நான் சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன். "தப்பு உங்க மேல இல்ல. நீங்க ஃபோன் பண்ணினப்ப நான் சென்னையில ஒரு வகுப்புல இருந்தேன். அன்னைக்கே எங்க வார்டுக்குப் போங்கன்னு சொல்லியிருக்கணும். சிஸ்டருக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா அவங்க உடனே சேத்திருப்பாங்க. எனக்கு அவசரம். நான் செய்யல. சட்டத்துல துருப்பிடிக்கிற திருகப் போட்டதும் நான்தான், தண்ணியப் பத்திக் கேக்காததும் நான்தான். நீங்க ரெண்டு பேரும் ஒரு தப்பும் பண்ணல."

மிக்கேல் வலையைப் பார்த்துக்கொண்டே, "விடுங்கம்மா" என்றார்.

கித்தேரி விடவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். குரலை உயர்த்தவுமில்லை.

"இத போன வருசமே ஒருக்க வந்து சொல்லியிருந்தியன்னா, அவிய தன்னத்தானே வைஞ்சிக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டாவ. தொடச்சது நான். ஒரு வருசமா என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கால் போனதற்கு ஆயிரம் காரணம் எழுதலாம். இந்த ஒரு வருஷத்துக்கு என்ன எழுதுவேன்? ஃபோனில் முடிந்திருக்கும் காரியம் அல்ல, நேரில் வந்து சொல்ல வேண்டிய காரியம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

எழுந்தபோது மிக்கேல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தப் பக்கமே கம்பி போட்டவுக இன்னும் மூணு பேரு உண்டும்மா. ரெண்டு பேரு அடுத்த தெரு, ஒருத்தரு வடக்குப் பாத்தி. உங்களக் கண்டா கதவச் சாத்திருவாவ. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கித்தேரி வழியனுப்ப வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று பேரையும் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு எலும்பு கூடவில்லை, இன்னும் சீழ். ஒருவருக்குச் சட்டம் தளர்ந்து கோணலாகக் கூடியிருக்கிறது, பாதம் வெளியே பார்க்கிறது. மூன்றாமவர் சட்டத்தைத் தானே ஸ்பேனர் போட்டுக் கழற்றி வைத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இது ஆசுபத்திரிச் சாமான்லா, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். மூட்டுக்கு மூட்டு துரு. அவர் காலும் சரியில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மீதி இரண்டு பேரை சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். இருவரும் உள்நாட்டு ஊர்க்காரர்கள். இருவருக்கும் நன்றாகக் கூடியிருக்கிறது. வர பஸ் வசதியில்லை, அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு பேரும் கணக்கில் வந்தாயிற்று. உள்நாட்டுக்காரர்கள் இருபத்தேழு பேரில் ஒருவர் தவிர எல்லாருக்கும் வெற்றி. கடலோரத்துக்காரர்கள் ஐந்து பேர். அதில் ஒருவருக்குத்தான் வெற்றி. அவர் வீட்டில் குடிநீர்க் குழாய் இருக்கிறது.

தண்ணீரால் துரு, துருவால் தளர்ச்சி, தளர்ச்சியால் சீழ் என்று ஓடுகிறது மனசு. ஐந்து பேரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இதை மறைத்துவிட்டு அந்த மூன்று கடலோர மருத்துவமனைகளுக்கு என் சட்டத்தை அனுப்பவும் முடியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து சாரைப் பார்த்தேன். புதிய பக்கங்களில் மறுபடி கையெழுத்து வேண்டும். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு பேர் விட்டுப்போச்சுன்னு விதிப்படி போட்டிருக்கலாம். பொய் இல்லையே அது."

"தேடாம விட்டிருந்தா பொய் இல்ல சார். இப்பப் பொய்."

"நேர்காணலுக்குக்கூடக் கூப்பிட மாட்டான் தெரியுமா? கால் போன கேஸ் இருக்க சட்டத்துக்கு எவன் நிதி தருவான்? திருக மாத்து, தண்ணிய மாத்து, அடுத்த வருசம் போடு."

"அடுத்த வருஷம் எனக்கு நாற்பது சார்."

அவர் மறந்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் ஓ.பி. வரிசை.

"முப்பது வருசமா," என்றார், "வராதவன் நல்லாயிருக்கான்னு சொல்லிட்டே இருந்திருக்கேன். எத்தன பேரும்மா இருக்கும்?"

கையெழுத்துப் போட்டார். கால் சரியாகாத அந்தக் கடலோரத்து மூன்று பேரையும் அவருடைய யூனிட்டில் சேர்க்கச் சொன்னார். பஜ்ஜி இல்லை.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நாள். இணையதளம் காலையிலிருந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. ஓ.பி. முடித்து மூன்று மணிக்கு உட்கார்ந்தேன்.

'தொடர்பு விட்டுப்போனவர்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். 'பாதகமான விளைவுகள்' என்ற கட்டத்துக்கு இருநூற்றைம்பது எழுத்துத்தான் இடம். பல விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியதெல்லாம் 'தொற்று ஏற்பட்டது', 'கால் அகற்றப்பட்டது' என்று தானாக நடந்ததுபோலவே வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்:

'ஒருவர் காலை இழந்தார். ஆறாம் வாரம் அவர் ஆய்வாளரை ஃபோனில் அழைத்துச் சொன்னார். ஆய்வாளர் அவரை நம்பவில்லை, வேறு மருத்துவரிடம் அனுப்பவுமில்லை. கடலோர நோயாளிகள் ஐவரில் நால்வருக்குச் சட்டம் தோல்வி. காரணம் இன்னும் தெரியாது.'

நான்கு ஐம்பதுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். செல்வினிடம் ஃபோனில் சொன்னேன். "சரி, வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக்கொண்டு போனேன்.

ஜூன் 9, திங்கள்

நாற்பது. ரூத் கேக்கில் என் பெயரைத் தானே எழுதினாள்.

ஜூலை 16, புதன்

பதில் வந்துவிட்டது. நேர்காணலுக்குத் தேர்வாகவில்லை. மதிப்பீட்டாளர் கருத்து ஒரே வரி: 'முன்னோட்ட முடிவுகள் ஊக்கமளிப்பதாக இல்லை.' சார் சொன்னது அப்படியே நடந்தது. எனக்கு அழுகை வந்தது, பிளாஸ்டர் அறைக்குப் போய் அழுதேன். நேர்மையாக இருந்ததற்கு ஏதாவது கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 24, வியாழன்

ஓ.பி.யில் எண்பத்தாறாவது டோக்கன். முப்பது வயதிருக்கும். வலது காலில் மாவுக்கட்டு, ஜூன் கடைசியில் நம் வார்டிலேயே போட்டது. அறைக்குள் வருமுன்னே நாற்றம் வந்துவிட்டது. கட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்து காய்ந்திருந்தது, ஈ மொய்த்தது. என் வாய் திறந்துவிட்டது. கட்டை நனைத்தீர்களா, எத்தனை தரம் சொன்னோம் என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அந்த ஆள் கதவருகிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒன்றும் இல்லை.

"பாத்திக்காட்டுலேருந்து வாரேன். நான் வரமாட்டேன்னுட்டுத்தான் கெடந்தேன். கித்தேரியக்காதான் விடல, கையப் பிடிச்சி பஸ்ஸுல ஏத்திவிட்டாவ." காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெட்டுப்போன காலோட போனா அந்த டாக்டரம்மா வைய மாட்டாவ, நேரா அவியகிட்ட போன்னு சொன்னாவ."

நான் எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். சிஸ்டர் கட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அஞ்சு நாளாம்மா."

ஐந்தே நாள். இந்தக் காலைக் காப்பாற்றிவிடலாம்.